பெயர் சத்தியம்; கணக்கு அசத்தியம்!

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் சாமியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ பேசப் போவதில்லை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பூர்வோத்தரத்தைப் பற்றிப் பேசப் போகின்றோம். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "இந்தச் சுயமரியாதைக்காரர்களுக்குக் கம்பெனிக் கணக்கில் என்ன வேலை? கோவிலையும் புராணத்தையும் விட்டுவிட்டு ஷேர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்களா?" என்று தோன்றலாம். தோன்றுவது நியாயமே. ஆனால் நமது இயக்கத்தின் வேலை கோவில் வாசலோடு நின்றுவிடுவதல்ல. "சொல்லுகிறவர் பெரியவர், ஆகையால் அவர் சொன்னது மெய்" என்கின்ற புத்தி எங்கெங்கு இருக்கின்றதோ அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கின்றது. அந்தப் புத்தி இன்று கோவிலில் இருப்பதைவிடக் குளிர்சாதன அறைகளில் குறைந்துவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

அன்றியும் இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமுமல்ல. இங்குள்ளவர்களில் எத்தனையோ பேர் இருந்த காணியை விற்றோ அடகு வைத்தோ பிள்ளையை இஞ்சினீயரிங் படிக்க வைத்து, இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கின்றீர்கள். மற்றும் எத்தனையோ பேர், கையில் மிஞ்சின பணத்தை டெலிபோனிலேயே ஷேராக வாங்குகின்றீர்கள். ஷேரே வாங்காதவர்களும் தப்பவில்லை. நீங்கள் கட்டுகின்ற இன்ஷியூரன்ஸ் தவணைப் பணமும் இப்படிப்பட்ட கம்பெனிகளின் ஷேரில்தான் ஒரு பாகம் போய் நிற்கின்றது. ஆகவே ஒரு கம்பெனியின் கணக்கு மெய்யா பொய்யா என்பது உங்கள் வீட்டு அடுப்பு எரியுமா எரியாதா என்கின்ற விஷயமேயாகும்.

கம்பெனி பிறந்த கதை

நாம் சொல்ல வந்த கம்பெனி, ஹைதராபாத்தில் 1987-ம் வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி பதிவான "சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ்" என்பதாகும். ஆரம்பித்தவர் பி. ராமலிங்க ராஜு. மேற்குக் கோதாவரி ஜில்லா பீமவரம் பக்கத்து நிலச்சுவான்தார் குடும்பத்தைச் சேர்ந்தவர். விஜயவாடாவில் பி.காம். படித்து, அமெரிக்காவுக்குப் போய் வியாபார நிர்வாகம் படித்துத் திரும்பியவர். ஆரம்பத்தில் சுமார் 20 பேர்தான் வேலை செய்தார்கள். 1991-ல் டிராக்டர் செய்கின்ற அமெரிக்க "ஜான் டீர்" கம்பெனியின் வேலை கிடைத்தது. பச்சை வர்ணத்தில் நம் ஊர் வயல்களிலும் ஓடுகின்றதே, அந்த டிராக்டர்காரர்கள்தான். 1992-ல் பொது ஜனங்களுக்கு ஷேர் விற்றார்கள். 2001-ல் அமெரிக்காவில் நியூயார்க் ஷேர் மார்க்கெட்டிலும் இடம் பிடித்தார்கள். 2006-ல் வருஷ வருமானம் 100 கோடி டாலர் என்றும், 2008-ல் 200 கோடி டாலர் என்றும், ஆட்கள் 53,000 பேர் என்றும், 66 தேசங்களில் வியாபாரம் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தக் கம்பெனிகள் செய்கின்ற வேலைதான் என்ன? அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஒரு பாங்கி இருக்கின்றது. அதன் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் எழுதுகின்றது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னதை இப்படிச் செய் என்று கட்டளை எழுதிவைக்க ஆள் வேண்டும். அங்கேயே ஆள் வைத்தால் கூலி அதிகம். ஆகவே ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள நம் பிள்ளைகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்வித்து, இத்தனை பேர் இத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று டாலரில் பில் போட்டு வாங்குகின்றார்கள். 2000-ம் வருஷம் பிறக்கும்போது, வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்த கம்ப்யூட்டர்களெல்லாம் 1900 என்று தடுமாறுமே என்று உலகமே பயந்ததல்லவா? அதைத் திருத்துகின்ற வேலையில் நம் நாட்டுக் கம்பெனிகள் பல பெருத்தன. அங்கே வாங்குகின்ற கூலிக்கும் இங்கே கொடுக்கின்ற கூலிக்கும் உள்ள வித்தியாசந்தான் இவர்கள் லாபம். உழைப்பவர்கள் பிள்ளைகள், லாபம் ஷேர்காரர்களுக்கு.

இதில் ஒன்றை மாத்திரம் கவனித்துக்கொள்ள வேண்டும். நெல் மண்டியில் மூட்டையை எண்ணிப் பார்க்கலாம். மில்லில் நூலை நிறுத்துப் பார்க்கலாம். இந்த வியாபாரத்திலோ கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் சரக்கு கிடையாது. எல்லாம் பில்லிலும், பாங்கியிலும், கணக்குப் புஸ்தகத்திலும்தான் இருக்கின்றது. காணமுடியாத சரக்கு என்றால் அங்கே நம்பிக்கைக்கு மவுசு அதிகம். காணமுடியாத சரக்கை விற்றே ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பிழைக்கின்ற கூட்டத்தைப் பற்றி நாம் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டமும் பரிவாரமும்

சாமியென்றால் அதற்கு ஒரு நாமகரணம் வேண்டும், நகை வேண்டும், பூசாரி வேண்டும், உற்சவம் வேண்டும். இந்தக் கம்பெனிக்கு எல்லாம் இருந்தன. பெயரோ சத்தியம்! அதைவிடப் பெரிய பெயர் எந்தப் பாஷையில் இருக்கின்றது? நகைக்குக் குறைவில்லை. 2007-ல் ராஜுவுக்குச் சிறந்த தொழிலதிபர் என்று பட்டம் கிடைத்தது. 2008 செப்டம்பரில், நாணயமான கம்பெனி நிர்வாகத்துக்கு என்று "தங்க மயில்" விருது ஒன்றை லண்டனில் கொடுத்தார்கள். தோழர்களே! மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 2008.

டைரக்டர் சபையில் யார் யார்? அமெரிக்க ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர். ஹைதராபாத்தில் உள்ள பெரிய வணிகக் கல்லூரியின் தலைவர் ஒருவர். இந்திய சர்க்காரின் காபினெட் செக்ரட்டரியாக இருந்தவர் ஒருவர். "பென்டியம்" கம்ப்யூட்டர்ச் சில்லை உண்டாக்கினவர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றவர் ஒருவர். ஆடிட்டரோ, உலகத்தின் நான்கு பெரிய தணிக்கைக் கம்பெனிகளில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸ்.

இவை போதாதென்று தருமமும் உண்டு. தகப்பனார் பெயரால் கிராம சேவைக்கு ஒரு ஸ்தாபனம். 2005-ல் ஆந்திராவில் 108 ஆம்புலன்ஸை ஆரம்பித்த ஸ்தாபனத்தை ஏற்படுத்தியவரும் இதே ராஜுதான். அந்த வண்டி பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அது நல்ல காரியமே. அதனால் உயிர்கள் பிழைத்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த நல்ல காரியம் அவர் எழுதின கணக்குக்குச் சாட்சி ஆகுமா என்றுதான் கேட்கின்றோம். கிணறு வெட்டினவன் பத்திரத்தில் பொய் எழுதமாட்டான் என்று எந்த ரிஜிஸ்திராராவது படிக்காமல் பதிவு செய்வாரா?

திருப்பி எழுதின சத்தியம்

2008 டிசம்பர் 16-ந் தேதி சத்யம் கம்பெனி ஒரு தீர்மானம் போட்டது. "மேடாஸ்" என்ற பெயருள்ள இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வது என்று தீர்மானம். ஒன்று மனைக்கட்டு வியாபாரம்; மற்றது ரோடு, கட்டிடம் கட்டுகின்ற கம்பெனி. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மனைக்கட்டு எதற்கு? மேடாஸ் யாருடையது? ராஜுவின் குடும்பத்தாருடையது. மேடாஸ் என்றால் என்ன அர்த்தம்? சத்யம் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, வலமிருந்து இடமாகத் திருப்பிப் படித்தால் மேடாஸ்! சத்தியத்தைத் தலைகீழாக்கினதுதான் மேடாஸ் என்று அவர்களே பெயர்ப்பலகையில் எழுதி நடுத்தெருவில் மாட்டியிருந்தார்கள். மெத்தப் படித்த மேதாவிகள் அடங்கிய சபையும் அதை ஏகமனதாக அங்கீகரித்தது.

ஆனால் பணம் போட்டவர்கள் அங்கீகரிக்கவில்லை. "எங்கள் பணத்தை எடுத்து உன் பிள்ளைகள் கம்பெனியை வாங்குவதா?" என்று கூச்சல் கிளம்பிற்று. நியூயார்க்கில் ஷேர் விலை ஒரே நாளில் பாதிக்குக் கீழே போயிற்று. சில மணி நேரத்திற்குள் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த வாரமே மற்றொரு சேதி வந்தது. தனது சிப்பந்திகளுக்குத் தகாத சலுகைகள் செய்தார்கள் என்ற காரணத்திற்காக உலக பாங்கி இந்தக் கம்பெனியை 8 வருஷத்திற்கு விலக்கி வைத்திருக்கின்றது என்பதே அது. டைரக்டர்கள் ஒவ்வொருவராக ராஜினாமாச் செய்யத் தொடங்கினார்கள்.

ஒப்புக்கொண்ட கடிதம்

2009 ஜனவரி 7-ந் தேதி ராமலிங்க ராஜு டைரக்டர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உள்ள கணக்கை நிதானமாகக் கேளுங்கள். 2008 செப்டம்பர் கடைசியில் கம்பெனியின் பெயரால் பாங்கியிலும் ரொக்கமாகவும் ரூ. 5,361 கோடி இருப்பதாகப் புஸ்தகம் சொல்லிற்று. அதில் ரூ. 5,040 கோடி கிடையவே கிடையாது என்று எழுதினார். கழித்துப் பாருங்கள். மிச்சம் 321 கோடி. அதாவது, பெட்டியில் 100 ரூபாய் இருக்கின்றது என்று ஊருக்குச் சொன்னவன் பெட்டியைத் திறந்தால் 6 ரூபாய்தான் இருந்தது. இல்லாத பணத்திற்கு வட்டி ரூ. 376 கோடி என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்ததோடு நில்லாமல் அதற்குக் கலியாணமும் செய்துவிட்டார்கள் பாருங்கள்! கொடுக்கவேண்டிய கடன் ரூ. 1,230 கோடியைப் புஸ்தகத்தில் காட்டவேயில்லை. வரவேண்டிய பாக்கியிலும் ரூ. 490 கோடி கூடுதலாக எழுதியிருந்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் வருமானம் ரூ. 2,700 கோடி, லாபம் ரூ. 649 கோடி என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் வருமானம் ரூ. 2,112 கோடி, லாபம் ரூ. 61 கோடி. இரண்டு கணக்கிலும் வித்தியாசம் ஒரே தொகை, ரூ. 588 கோடி. நூற்றுக்கு 3 கிடைத்ததை 24 என்று சொன்னார்கள். இந்த மூன்று மாதத்தின் கடைசி மாதம் எது? தங்க மயில் கொடுத்த அதே செப்டம்பர்தான்! கேழ்வரகில் நெய் வடிகின்றது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே வடிகின்ற நெய்யை வழித்து ஒரு மயிலுக்கும் பூசினார்கள்.

சிறு வித்தியாசமாகத் தொடங்கியது வருஷா வருஷம் பெருகிவிட்டது என்றும், புலியின்மேல் சவாரி செய்கின்றவன் கீழே இறங்கினால் அது தின்றுவிடுமே என்று இறங்காதிருப்பது போல ஆகிவிட்டது என்றும் ராஜு அக்கடிதத்தில் காரணம் சொன்னார். இல்லாத சொத்தின் இடத்தில் உள்ள சொத்தைக் கொண்டுவந்து வைக்கத்தான் மேடாஸை வாங்கப் பார்த்தார்களாம். தாம் ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதினார். ஆனால் பொய்க் கணக்கினால் ஷேர் விலை ஏறிற்று. ஏறின விலையில் ஷேரை விற்றும் ஈடு வைத்தும் பணம் பெறலாம். ராஜு குடும்பத்தார் கையில் 2001-ல் நூற்றுக்கு 25-க்கு மேல் இருந்த ஷேர் 2008 மார்ச்சில் 9-க்கும் கீழே வந்துவிட்டது. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கின்ற செபி 2014-ல், தகாத வழியில் வந்த லாபம் ரூ. 1,849 கோடியையும் வட்டியையும் திருப்பிக் கட்டும்படி ராஜு முதலானவர்களுக்கு உத்தரவிட்டது. அது பிறகு மேல்முறையீடுகளுக்குப் போயிற்று.

முழுப் பூசணிக்காயை மறைத்தது எப்படி?

5,000 கோடி ரூபாய்ப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேட்பீர்கள். செய்யாத வேலைக்குப் பில் போட்டார்கள். அப்படி 6,000-க்கு மேற்பட்ட பொய்ப் பில்கள் என்று அமெரிக்க ஷேர் மார்க்கெட் கமிஷன் கண்டது. பில் எழுதுகின்ற கம்ப்யூட்டரிலேயே, காட்டவேண்டிய பில்லுக்கு ஓர் எழுத்தும், ஒளிக்கவேண்டிய பில்லுக்கு வேறோர் எழுத்தும் குறித்து வைத்தார்கள் என்று விசாரணையில் வெளியாயிற்று. ஒளித்த பில் வேலை செய்கின்ற இலாகாக்காரர் கண்ணுக்குத் தெரியாது; கணக்கில் மாத்திரம் சேரும். அந்தப் பில்லுக்குப் பணம் வந்துவிட்டது என்று காட்டப் பாங்கிக் கணக்குத் தாளும், டிபாசிட் ரசீதும் பொய்யாகத் தயாரித்தார்கள்.

இப்போது ஆடிட்டருக்கு வருவோம். ஆடிட்டர் என்பவர் யார்? பணம் போட்டவன் நேரில் வந்து பார்க்க முடியாது. அவனுக்காகப் போய்ப் பார்க்கச் சம்பளம் வாங்குகின்றவர். அவர் செய்யவேண்டிய முதல் வேலை, பாங்கிக்கு நேராக ஒரு கடிதம் எழுதி, "இந்தக் கம்பெனி பெயரில் உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கின்றது?" என்று கேட்டு, பாங்கியிடமிருந்து நேராகப் பதில் வாங்குவதாகும். இவர்கள் அந்தக் கடிதத்தைக் கம்பெனிக்காரரிடமே கொடுத்து அனுப்பச் சொல்லி, கம்பெனிக்காரர் கொண்டுவந்து கொடுத்த பதிலையே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அந்த அமெரிக்கக் கமிஷன் குற்றம் சாட்டிற்று. தோழர்களே! "சாமி என்ன சொல்லிற்று?" என்று பூசாரியையே கேட்டுவிட்டு, பூசாரி சொன்னதைச் சாமி சொன்னதாக எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா? ஒரு தபால் செலவில் தெரிந்துகொள்ளக்கூடிய உண்மையை வருஷக்கணக்காகத் தெரிந்துகொள்ளாமலே கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் உலகம் வேதவாக்காக வைத்துப் பூஜித்தது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 2008 டிசம்பரில் டைரக்டர் ஒருவருக்குப் பொய்ப் பெயரில் ஓர் இ-மெயில் கடிதம் வந்தது. கம்பெனியின் கணக்கு பொய் என்றும், பாங்கியில் இருப்பதாகச் சொல்லும் பணம் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. பட்டம் பெற்றவர்கள், பதவி வகித்தவர்கள், உலகப் புகழ் பெற்றவர்கள் எல்லாம் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டது பொய். பெயர் சொல்லப் பயந்து ஒளிந்திருந்த ஓர் ஆசாமி எழுதினது மெய். ஆகவே ஒரு சங்கதி மெய்யா பொய்யா என்பதற்குச் சொன்னவன் பெயரில் அத்தாட்சி இல்லை. சங்கதியிலேதான் அத்தாட்சி இருக்கின்றது என்பது இதனால் விளங்கவில்லையா?

யார் தலையில் விடிந்தது?

2008-ல் ஒரு சமயம் ரூ. 544 வரை ஏறியிருந்த ஷேர், கடிதம் வெளியான அன்று சாயந்திரம் சுமார் ரூ. 40-க்கு இறங்கிற்று. உச்ச விலையில் 100 ஷேர் வாங்கினவன் போட்டது ரூ. 54,400, அன்று அவன் கையில் இருந்தது சுமார் ரூ. 4,000. உங்களுடைய ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷனும் அந்த ஷேர் வைத்திருந்த ஒன்றுதான். அமெரிக்காவில் ஷேர் வாங்கினவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்து, 2011-ல் கம்பெனியிடமிருந்து 12½ கோடி டாலரும், ஆடிட்டர் கம்பெனியிடமிருந்து 2½ கோடி டாலருக்கு மேலும் வாங்கினார்கள். அதே கம்பெனியில் பணம் போட்ட நம் நாட்டுச் சிறு ஷேர்காரர்களுக்கு அப்படி ஒன்றாகச் சேர்ந்து நஷ்டம் கேட்க அன்று சட்டமே கிடையாது. ஒரே பொய்; ஒரே நஷ்டம்; அமெரிக்கனுக்கு டாலர், நமக்குத் "தலைவிதி"! தலைவிதி என்பது எங்கேயிருந்து வருகின்றது என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். சட்டமில்லாத இடத்திலிருந்துதான் வருகின்றது.

வேலை செய்த பிள்ளைகளின் கதியோ? அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் ஐம்பதாயிரம் குடும்பங்கள் தவித்தன. 2009 நடுவில் ஆயிரக்கணக்கான பேரை, வேலையில்லை, குறைந்த சம்பளத்தோடு வீட்டிலிருங்கள் என்று தனிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் ஒரு பொய்ப் பில்லும் எழுதவில்லை. உழைத்ததைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை.

ராஜு 2009 ஜனவரி 9-ந் தேதி கைதானார். 2015 ஏப்ரல் 9-ந் தேதி ஹைதராபாத் ஸ்பெஷல் கோர்ட்டு, ராஜு, அவருடைய சகோதரர்கள், ஆடிட்டர்கள் இருவர் உட்பட 10 பேருக்கு 7 வருஷ தண்டனை விதித்தது. அடுத்த மாதமே அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். ஆடிட்டர் கம்பெனியை செபி 2018-ல் இரண்டு வருஷத்திற்குத் தடை செய்தது. 2019-ல் அப்பீல் மன்றம் அந்தத் தடையை ரத்துச் செய்துவிட்டது. பசிக்கு ஒரு தார் வாழைப்பழம் திருடினவனுக்கு இவ்வளவு நிதானமாக நியாயம் கிடைக்கின்றதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்பாற்றியது எது?

"பார்த்தீர்களா, சத்தியம் வெளிவந்தே தீரும், பகவான் சும்மா விடமாட்டான்" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் வருஷக்கணக்கில் பொய்க் கணக்கு எழுதியபோது பகவான் எங்கே போயிருந்தார் என்று கேட்கின்றோம். பொய் வெளிவந்தது பகவானால் அல்ல. மேடாஸ் விஷயத்தில் பணம் போட்டவர்கள், "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வியினால் ஓட்டையை அடைக்கின்ற கடைசி வழியும் அடைபட்டது. பொய் தானாக வெளியே விழுந்தது. மூன்று வாரத்தில் செய்த வேலையை அந்தக் கேள்வி, ஐந்து வருஷத்திற்கு முன்பே கேட்கப்பட்டிருந்தால் அப்போதே செய்திருக்கும்.

பிறகு கம்பெனி என்ன ஆயிற்று? இதுதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. மத்திய சர்க்கார் பழைய டைரக்டர் சபையைக் கலைத்துவிட்டுப் புதிய சபையை நியமித்தது. அதில் தீபக் பாரேக், கிரண் கார்ணிக் முதலானவர்களோடு சென்னை ஆடிட்டர் டி. என். மனோகரனும் இருந்தார். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா கம்பெனி ஷேர் ஒன்றுக்கு ரூ. 58 கொடுத்து வாங்க முன்வந்தது. "மஹிந்திரா சத்யம்" என்று பெயர் மாறி, 2013-ல் டெக் மஹிந்திராவிலேயே கலந்துவிட்டது. சத்யம் என்கின்ற பெயரும் போயிற்று.

நூறில் தொண்ணூற்று நான்கு பணம் இல்லாத கம்பெனியை ஒருவன் ஏன் விலை கொடுத்து வாங்கினான்? அங்கே பொய்யில்லாத சரக்கு ஒன்று இருந்தது. அதுதான் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு. பாங்கிப் பணம் பொய், வட்டி பொய், லாபம் பொய், விருது பொய், பெயரும் பொய். ஆனால் ராத்திரியெல்லாம் கண்விழித்து வேலை செய்தவன் எழுதின ஒவ்வொரு வரியும் மெய். வெளிநாட்டில் அந்த வேலையை நம்பித் தொழில் நடத்தியவர்களில் பலர் விட்டுப் போகாமல் நின்றார்கள். முதலாளி விழுந்தார், பெரிய மனிதர்கள் ஓடினார்கள், ஆடிட்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது உழைப்பு ஒன்றேதான். உழைக்கின்றவனுக்கு உலகில் மதிப்பில்லாமல், உழைப்பின்மேல் உட்கார்ந்திருக்கின்றவனுக்கு மாலையும் மயிலும் கிடைப்பதை மாற்றவேண்டும் என்றுதானே நமது இயக்கம் சொல்லி வருகின்றது?

நாம் செய்யவேண்டியது

ஆகவே கம்ப்யூட்டர் கம்பெனிகளெல்லாம் புரட்டு என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விஞ்ஞானத் தொழில் வரட்டும், வளரட்டும், நம் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், அங்கே போய் வேலை செய்து தங்கள் காலில் நிற்கட்டும். நாம் வேண்டாமென்பது குருட்டு நம்பிக்கையைத்தான்.

இந்த மோசடிக்குப் பிறகு சட்டம் கொஞ்சம் திருந்திற்று. 2013-ம் வருஷத்திய கம்பெனிச் சட்டப்படி, ஷேர் மார்க்கெட்டில் உள்ள கம்பெனிக்கு ஒரே ஆடிட்டர் கம்பெனி 10 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது. சிறு ஷேர்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து நஷ்டம் கேட்கவும் அதில் இடமுண்டு. ஆடிட்டர்களையே கண்காணிக்க 2018-ல் ஒரு தேசிய அதிகார சபையும் ஏற்பட்டது. இவை சும்மா வரவில்லை. ஏமாந்தவர்கள் நஷ்டத்தின்மேல் வந்தவை. ஆனால் சட்டம் புஸ்தகத்தில் இருந்து பயனில்லை. கேட்கின்ற ஆள் வேண்டும். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று தெலுங்கில் ஒரு பழமொழி நம் ஊரிலும் வழங்குகின்றது. பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது பொருள். தண்ணீர் இருக்கின்றதா என்று பார்க்காமல், பெயரைப் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு போகின்றவர்கள் இருக்கும் வரையில் சட்டம் என்ன செய்யும்?

ஒருவன் உங்களிடம் பணம் கேட்டால், அவன் கம்பெனிக்காரனாயிருந்தாலும் சரி, சீட்டுப் பிடிக்கின்றவனாயிருந்தாலும் சரி, சாமி பெயரால் உண்டியல் நீட்டுகின்றவனாயிருந்தாலும் சரி, நான்கு கேள்வி கேளுங்கள். உன் வரும்படி எந்த வேலையிலிருந்து வருகின்றது? உன்னைப்போன்ற மற்றவனுக்குக் கிடைக்காத லாபம் உனக்கு மாத்திரம் எப்படிக் கிடைக்கின்றது? உன் கணக்கை உன் ஆள் அல்லாத யார் பார்த்தார்கள்? பணம் இருக்கின்றது என்கின்றாயே, அதை வைத்திருக்கின்றவனை நேராகக் கேட்டது யார்? இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல், "என்னை நம்பமாட்டாயா?" என்று ஒருவன் கோபித்துக்கொண்டால், அங்கேயே பையை இறுகக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். நாணயமுள்ளவன் கேள்விக்குக் கோபிக்கமாட்டான். தராசு சரியாயிருக்கின்ற வியாபாரி, "நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றுதான் சொல்லுவான்.

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. நகையை வைத்துச் சீட்டுக் கட்டுகின்றவர்கள் பெரும்பாலும் நீங்கள். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கணக்குக் கேளாமல் இருப்பதுதான் சுயமரியாதைக் குறைவு என்று நாம் சொல்லுகின்றோம்.

தோழர்களே! நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். தேதியும் தொகையும் சொல்லியிருக்கின்றோம். கோர்ட்டுத் தீர்ப்பும் பத்திரிகைகளும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. படித்தவர்களைக் கொண்டு எடுத்துப் பார்த்து, நாம் சொன்னது சரியா தப்பா என்று உங்கள் புத்தியைக் கொண்டு தீர்மானம் செய்துகொள்ளுங்கள்.